மாப்பிள்ளை ஏன் அழுதார்?

பெரம்பலூரும் அரியலூரும் பங்காளிகளா, சம்பந்திகளா என்பது இன்னும் தீராத கேள்வி. 1995-ல் திருச்சி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் தனிக்குடித்தனம் வந்தபோது, அரியலூரையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்தது. 2001 ஜனவரி 1-ம் தேதி, ‘எனக்குத் தனி அடுப்பு வேண்டும்’ என்று அரியலூர் பிரிந்துபோனது. அடுத்த ஆண்டே, 2002 மார்ச் 31-ல், பாத்திரம் பண்டத்தோடு திரும்பி வந்து சேர்ந்தது. ஐந்து வருஷத்துக்கு மேல் ஒரே கூரையில் இருந்துவிட்டு, 2007 நவம்பரில் மறுபடியும் மூட்டை கட்டியது. அரசாங்கம் செய்ததால் இதற்கு நிர்வாகச் சீரமைப்பு என்று பெயர். வீட்டில் நடந்திருந்தால் தெருவே வேறு பெயர் வைத்திருக்கும்.

ஆனால், மாவட்டம் பிரிந்தாலும் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது நிற்கவில்லை. பெரம்பலூரிலிருந்து ஆத்தூர் போகிற சாலையில் இருக்கும் வேப்பந்தட்டையில், அப்படி அரியலூர் மாவட்டத்திலிருந்து மருமகள் வந்த வீடு ஒன்று உண்டு. பெண்ணுக்குச் செந்துறைப் பக்கம். அது முந்திரிக் காடு. இது சின்ன வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற மண். பருத்திக்கென்று வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமே இங்கே இருக்கிறது. ‘முந்திரி தின்னு வளர்ந்த புள்ள, நம்ம வீட்டு வெங்காயக் கொழம்பு எறங்குமா?’ என்று கல்யாணத்தன்று மாமியார் கேட்டார். ‘முந்திரியை நாங்க விப்போம் அத்தை, திங்க மாட்டோம்’ என்றாள் மருமகள். அன்றைக்கே அந்த வீட்டுக்கு ஒரு வாயாடி போதாது என்று இன்னொருத்தி வந்து சேர்ந்தது தெரிந்துபோயிற்று.

வீட்டில் மாமனார், மாமியார், மருமகள், ஒரு பேரன். மகன் வளைகுடாவில் வேலை. மகளைச் சென்னை தாம்பரத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தாம்பரத்து மாப்பிள்ளையின் கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால், வேப்பந்தட்டையில் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கல்யாணமான வருஷம், தலைப் பொங்கலுக்கு மாப்பிள்ளை வந்திருந்தார். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. தலைப் பொங்கல் மாப்பிள்ளை என்றால் அவர் உட்கார்ந்த நாற்காலியைக்கூட யாரும் நகர்த்த மாட்டார்கள். காலையிலிருந்து மூன்று காபி, ஒரு தட்டு முறுக்கு, இரண்டு முறை ‘சாப்பிட்டீங்களா மாப்ள?’ எல்லாம் முடிந்தது. களத்தில் அன்றைக்கு வெங்காயம் பிடுங்கிக் கொட்டியிருந்தார்கள். மார்கழி, தை என்றால் அந்தப் பக்கம் அறுவடைக் காலம். வீட்டுப் பெண்களும் கூலியாட்களும் சுற்றி உட்கார்ந்து தாளையும் வேரையும் அறுத்துக் குவித்துக்கொண்டிருந்தார்கள். நல்ல காயாகப் பொறுக்கிப் பட்டறையில் போட்டு வைத்தால், விலை ஏறும்போது விற்கலாம். பட்டறை என்றால் இரும்புப் பட்டறை இல்லை. தரையிலிருந்து உயர்த்தி, காற்றுப் போக இடம் விட்டு, மேலே கூரை போட்ட வெங்காயக் கூடு.

மாப்பிள்ளைக்கு உட்கார்ந்து உட்கார்ந்து சலித்துவிட்டது. மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டார்: “மாமா, நான் ஏதாவது செய்யட்டுமா?”

இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டில் ஒரே ஒரு பதில்தான் உண்டு. ‘ஐயையோ, நீங்க உட்காருங்க மாப்ள’ என்று பதற வேண்டும். மாப்பிள்ளையும் அதை எதிர்பார்த்துத்தான் கேட்டார். ஆனால் மாமனார், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற ஜாதி. “அந்தச் சாக்குல உட்காருங்க மாப்ள. இந்தாங்க கத்தி” என்றார்.

கால் மணி நேரத்தில் மாப்பிள்ளைக்கு இரண்டு கண்ணிலும் தாரை தாரையாகக் கண்ணீர். பழகியவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டே அறுக்கிறார்கள். இவர் முழங்கையால் துடைத்து, தோளால் துடைத்து, கடைசியில் வெங்காயம் தொட்ட கையாலேயே துடைத்துவிட்டார். அதற்கப்புறம் கேட்கவா வேண்டும்! இருந்தாலும் எழுந்திருக்கவில்லை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர் ஒரு மூட்டையை முடித்துவிட்டார். மாப்பிள்ளைக்கு ரோஷம்.

வெங்காயத்தின் மேல் தப்பில்லை. முழுசாக இருக்கும்வரை அது பரம சாது. வெட்டியவுடன் அதன் செல்களுக்குள் தனித்தனியாக இருக்கும் பொருள்கள் கலந்து, கண்ணில் நீர் வரவழைக்கும் வாயு உண்டாகிறது. அந்த வாயு உருவாக ஒரு தனி நொதியே வேலை செய்கிறது என்று ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2002-ல் கண்டுபிடித்தார்கள். சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கிற ஆராய்ச்சிகளுக்குத் தருகிற இக் நோபல் பரிசு 2013-ல் அவர்களுக்குக் கிடைத்தது. ஆனால், இதெல்லாம் தெரியாத பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் அந்த நேரம் பார்த்துத் தேங்காய் கேட்டு வந்தார்.

அவர் பார்த்தது இதுதான்: தலைப் பொங்கல் மாப்பிள்ளை சாக்கில் உட்கார்ந்திருக்கிறார். கண் இரண்டும் கோவைப் பழம். வாய் பேசவில்லை. அழுகிறார். கட்டிக்கொண்டவள் உள்ளே டி.வி. பார்க்கிறாள்.

தேங்காய் வாங்கினாரோ இல்லையோ, செய்தியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மத்தியானம் அது மேலத்தெருவில் ‘மாப்பிள்ளையை வேலை வாங்குறாங்களாம்’ என்று இருந்தது. சாயங்காலம் பெரம்பலூரில் ‘ஏதோ மனஸ்தாபமாம், மாப்பிள்ளை கண் கலங்கிட்டாராம்’ என்று ஆனது. தாம்பரம் போய்ச் சேரும்போது, ‘உங்க பையன் பொட்டியைத் தூக்கிட்டுக் கெளம்பிட்டானாமே?’

சம்பந்தியம்மா மகனுக்குப் போன் போட்டார். போன் சார்ஜில் கிடந்தது. சம்பந்தி, மாமனாருக்குப் போன் போட்டார். மாமனார் எடுத்தார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறவர் அல்லவா?

“மாப்ள நல்லா இருக்காரு சம்பந்தி. காலைலேர்ந்து அழுதுக்கிட்டேதான் இருக்காரு. போதும் மாப்ளன்னாலும் விடமாட்டேங்கிறாரு.”

அவ்வளவுதான். தாம்பரத்தில் கார் கிளம்பிவிட்டது. ராத்திரி ஒரு மணிக்கு வேப்பந்தட்டையில் வந்து இறங்கினார்கள் சம்பந்தியும் சம்பந்தியம்மாவும், சமாதானம் பேச ஒரு பெரியப்பாவும். திண்ணையில் ஒரு கயிற்றுக் கட்டிலில் மாமனார், இன்னொரு கட்டிலில் மாப்பிள்ளை. இரண்டு பேரும் நல்ல குறட்டை. இரண்டு பேர் மேலும் ஒரே வாசம். அம்மா மகனை உலுக்கி எழுப்பி, “என்னடா பண்ணினாங்க உன்னை?” என்றார். அவர் கண்ணைத் திறக்க முடியாமல் திறந்து, “மூணு மூட்டைம்மா” என்றார். “நானே அறுத்தேன்.”

மறுநாள் சம்பந்தி வீட்டாரோடு சேர்ந்தே பொங்கல். சமாதானம் பேச வந்த பெரியப்பாதான் அதிகமாகச் சாப்பிட்டார் என்பது பெண் வீட்டார் கணக்கு. திரும்பும்போது கார் டிக்கியில் ஒரு மூட்டை வெங்காயம். தாம்பரம் வரைக்கும் சம்பந்தியம்மா ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டே போனாராம்.

மானிடவியல் படித்தவர்கள் உறவுகளில் ‘கேலி உறவு’, ‘ஒதுங்கும் உறவு’ என்று இரண்டைச் சொல்வார்கள். ராட்க்ளிஃப்-பிரௌன் என்ற ஆங்கிலேய அறிஞர் 1940-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கல்யாணத்தால் சேர்ந்த இரண்டு குடும்பங்களுக்கு நடுவே உரசல் வரத்தான் செய்யும். அதைத் தவிர்க்கச் சிலரிடம் ரொம்ப மரியாதையாக ஒதுங்கிப் போகிறோம், சிலரைத் தாராளமாகக் கிண்டல் செய்கிறோம் என்பது அவர் கருத்தின் சாரம். நம் ஊரில் இதற்குக் கட்டுரையே தேவையில்லை. மச்சானையும் கொழுந்தியாளையும் எவ்வளவு வேண்டுமானாலும் ஓட்டலாம். மாமியார் எதிரே வந்தால் லுங்கியைத் தழைத்து விட வேண்டும். தாம்பரத்து மாப்பிள்ளை செய்த புரட்சி, மாமியாருக்குப் பக்கத்திலேயே சாக்குப் போட்டு உட்கார்ந்து மூக்கைச் சிந்தியதுதான். அன்றோடு அந்த வீட்டில் அவருக்கு நாற்காலி மரியாதை போய்விட்டது. அவருக்கும் அதில் வருத்தமில்லை.

மாப்பிள்ளை கதை சிரித்து முடிந்துவிடும். மாமியார், மருமகள் கதைக்குத்தான் வாரப் பத்திரிகைகளில் எத்தனை வருஷமாக ஜோக் பக்கம் ஒதுக்கினாலும் இடம் போதவில்லை. இது நம் ஊர் வியாதி மட்டும் அல்ல. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் அமரில்லோ என்று ஒரு நகரம். அங்கே பத்திரிகை நடத்திய ஜீன் ஹோ, தன் பத்தியில் மாமியாரின் மனம் நோகும்படி எழுதிவிட்டு, அதற்குப் பரிகாரமாக 1934 மார்ச் 5-ம் தேதி ‘மாமியார் தினம்’ என்று ஊரையே கொண்டாட வைத்தார். ஒரு ஜோக்குக்கு ஒரு திருவிழா! இங்கே அந்தக் கணக்குப் போட்டால் வருஷத்துக்கு 365 நாள் போதாது.

அந்த அமரில்லோ விழாவுக்கு 1938-ல் வந்தவர் யார் தெரியுமா? அப்போதைய அமெரிக்க அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட். மாமியாரைப் பற்றி அவரைக் கேட்டால் ஒரு புத்தகமே சொல்லியிருப்பார். மகன் பிராங்க்ளினுக்குக் கல்யாணம் ஆனதும், மாமியார் சாரா நியூயார்க்கில் ஒரு வீடு கட்டித் தந்தார். ஒன்று இல்லை, ஒட்டினாற்போல இரட்டை வீடு. ஒரு பாதி மகனுக்கு, மறுபாதி தனக்கு. இரண்டுக்கும் நடுவில் வெவ்வேறு தளங்களில் கதவுகள். 1908-ல் குடியேறினார்கள். எந்த நேரத்தில் எந்தக் கதவு வழியாக மாமியார் வருவார் என்று தெரியாது. குடிவந்த சில வாரங்களில் எலினார் கண்ணாடி முன் உட்கார்ந்து அழுதார். கணவருக்கு ஏன் என்று புரியவில்லை. ‘இது என் வீடு மாதிரியே இல்லை’ என்பதுதான் காரணம் என்று பின்னாளில் அவரே எழுதினார். அங்கே வெங்காயம் எதுவும் இல்லை.

நம் ஊரில் விசு இதைத் தலைகீழாகச் செய்தார். 1986-ல் வந்த ‘சம்சாரம் அது மின்சாரம்’ படத்தில் வீட்டுக்கு நடுவில் கதவுக்குப் பதில் கோடு. அந்தப் பக்கம் மகன், இந்தப் பக்கம் அப்பா. சிக்கலை அவிழ்ப்பது மூத்த மருமகள். அதுவும் எப்படி? ‘சேர்ந்தே இருப்போம்’ என்று கட்டிப்பிடித்து அழாமல், ‘தள்ளி இருந்து பாசமாக இருப்போம்’ என்று தீர்ப்புச் சொல்கிறாள். அந்தக் காலத்துத் தியேட்டரில் அந்த முடிவை ஜனங்கள் ஏற்றுக்கொண்டது பெரிய விஷயம். தேசிய விருதும் கிடைத்தது.

வேப்பந்தட்டை வீட்டில் கதவும் இல்லை, கோடும் இல்லை. ஒரே ஒரு சமையல்கட்டு. அதில் ஒரே ஒரு உப்பு ஜாடி. பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஒரு நாள் மத்தியானம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு குரல் பதிவு வந்து விழுந்தது. நாற்பத்து மூன்று பேர் இருக்கிற குரூப். தாம்பரம் சம்பந்தி, செந்துறை சம்பந்தி, வளைகுடா மகன், எல்லோரும் அதில் உண்டு. மாமியாரின் கணீர்க் குரல்:

“பாப்பா, இவ வைக்கிற கொழம்புல உப்பே இல்லடி. ஒப்புக்கு ஒரு சிட்டிகை போடுறா. நான் போயி மறுபடி போட வேண்டியிருக்கு. சொன்னா மொகத்தைத் தூக்கிக்குவா. ஒங்கிட்ட மட்டும் சொல்றேன், யார்ட்டயும் சொல்லிடாத.”

தாம்பரத்து மகளுக்குத் தனியாக அனுப்ப வேண்டியது. விரல் தவறிவிட்டது. நாற்பத்து மூன்று பேரும் கேட்டார்கள். ஒருவரும் மூச்சு விடவில்லை. அழித்துவிடலாம் என்று மகள் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிக்கொடுப்பதற்குள், செந்துறைச் சம்பந்தி, அதாவது மருமகளின் அப்பா, ஒரு கும்பிடு படம் போட்டார். அந்தக் கும்பிடுக்கு என்ன அர்த்தம் என்று இன்றைக்கு வரை அந்தக் குடும்பத்தில் விவாதம் நடக்கிறது.

பத்து நிமிஷம் கழித்து மருமகளின் பதில் வந்தது. “சரிங்கத்தை, நாளைலேர்ந்து பாத்துப் போடுறேன்.” அவ்வளவுதான்.

சண்டையை எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். ஆனால் அவள் விட்டுக்கொடுத்ததற்குக் காரணம் வேறு. குழம்பில் உப்பைக் குறைத்துப் போட்டது நிஜம்தான். தெரிந்தேதான் போட்டாள். நாலு மாசமாக மாமியார் ஒவ்வொரு குழம்புக்கும் இரண்டு தடவை உப்புப் போடுவதை அவள் கவனித்திருந்தாள். போட்டது கண்ணுக்குத் தெரிந்தால்தானே? அதனால், அத்தை வந்து போடட்டும் என்று தன் பங்கைப் பாதியாக்கி வைத்திருந்தாள். வாசலில் புள்ளிக் கோலம் ஒரு பக்கம் சாய்ந்து போயிருந்தது. கேட்டால், ‘இது புது டிசைன்’ என்பார் மாமியார். எழுதி அனுப்பிக்கொண்டிருந்தவர் குரல் பதிவுக்கு மாறியதும் அதே நாலு மாசத்தில்தான். இப்போது குரூப் எது, மகள் எது என்றுகூடத் தெரியாமல் அனுப்பியதும் சந்தேகம் தீர்ந்துவிட்டது.

அன்று சாயங்காலம் சமையல்கட்டில் மருமகள் கையை நீட்டினாள்.

“அத்தை, இது எத்தனை விரலு?”

“ஏன், எனக்கு எண்ணத் தெரியாதுன்னு நெனைச்சியா?”

“எண்ணுங்க.”

“ஒரு கையில எத்தனை இருக்குமோ அத்தனை.”

“நான் காட்டுறது ரெண்டு அத்தை.”

மாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, “அவன்கிட்ட சொல்லிடாத” என்றார்.

விஷயம் இதுதான். மருமகள் பட்டப் படிப்பை முடித்தவள். டீச்சராக வேண்டும் என்று ஆசை. கல்யாணம், பிள்ளை என்று பி.எட். தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அந்த வருஷம் சேர்த்துவிடுவது என்று முடிவு செய்து, வெங்காயம் விற்ற பணத்தில் ஒரு பகுதியை மாமியார் தனியாக முடிந்து பீரோவில் வைத்திருந்தார். வெங்காய விலையை நம்பி எதையும் சொல்ல முடியாது. ஒரு வருஷம் தூக்கிவிடும், ஒரு வருஷம் பட்டறையிலேயே முளைக்கவிட்டுவிடும். கண்ணில் புரை என்று சொன்னால் மகன் அந்தப் பணத்தை ஆஸ்பத்திரிக்குக் கட்டச் சொல்வான். படிப்பு இன்னொரு வருஷம் தள்ளிப்போகும். அதனால் வாயைத் திறக்கவில்லை. நாலு மாசமாக மருமகளைக் குறை சொன்ன அதே மனுஷி, நாலு மாசமாக மருமகளின் பீஸுக்காகக் குருட்டாம்போக்கில் கோலம் போட்டிருக்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், அந்தத் தியாகத்துக்கே அவசியம் இருக்கவில்லை. கண்புரைக்கு அரசு மருத்துவமனைகளில் லென்ஸ் வைத்து இலவசமாகவே அறுவை சிகிச்சை செய்கிறார்கள். பார்வையிழப்பைத் தடுப்பதற்கான தேசியத் திட்டம் 1976-லிருந்தே நடக்கிறது. ஊருக்கு ஊர் கண் முகாம் போடுகிறார்கள். வீட்டில் யாராவது வெளிச்சத்தைப் பார்த்தால் கண் கூசுகிறது என்றாலோ, கண்ணாடி மாற்றியும் மங்கலாகவே தெரிகிறது என்றாலோ, கோலம் கோணினாலோ, குழம்பு கரித்தாலோ, முதலில் கண்ணைக் காட்டிவிடுவது நல்லது.

பெரம்பலூர் அரசு ஆஸ்பத்திரிக்கு மருமகள்தான் அழைத்துப் போனாள். சீட்டு எழுதிய நர்ஸ், “கூட வந்திருக்கிறது யாரும்மா?” என்று கேட்டார். மருமகள் அதற்குள், “அத்தை, பையை இப்படிக் குடுங்க” என்றாள். ‘அத்தை’ என்றதைக் கேட்டுவிட்டு நர்ஸ், “ஓ, அண்ணன் பொண்ணா?” என்று சீட்டில் எழுதிவிட்டார். மாமியார் திருத்தவில்லை. “ஆமாம்மா” என்றார்.

நர்ஸ் மேல் தப்பில்லை. தமிழ் அப்படி. அப்பாவின் தங்கையும் அத்தை, கணவனின் அம்மாவும் அத்தை. அம்மாவின் தம்பியும் மாமா, பெண் கொடுத்தவரும் மாமா. முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்று சொந்தத்துக்குள் கட்டிய காலத்தில் இரண்டும் ஒரே ஆளாகத்தான் இருந்தார்கள். லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்க வழக்கறிஞர், உலகத்து மொழிகளின் உறவுப் பெயர்களை எல்லாம் திரட்டி 1871-ல் ஒரு பெரிய புத்தகம் போட்டார். தன் ஊருக்குப் பக்கத்தில் வாழ்ந்த செனகா இந்தியர்களின் முறைப் பெயர்களும், கடல் தாண்டியிருக்கிற தமிழர்களின் முறைப் பெயர்களும் இவ்வளவு ஒத்துப்போகின்றனவே என்று அவர் அசந்துபோனார். இப்போது சொந்தத்தில் கட்டுவது குறைந்துவிட்டது. செந்துறைப் பெண்ணுக்கும் வேப்பந்தட்டை அம்மாவுக்கும் கல்யாணத்துக்கு முன்னால் எந்தச் சொந்தமும் கிடையாது. ஆள் மாறினாலும் சொல் மட்டும் மாறாமல் இருக்கிறது. ஆங்கிலத்திலோ ‘சட்டப்படி அம்மா’ என்று கூப்பிட வேண்டும்.

சட்டம் என்றதும் ஒரு விஷயம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. அதில் ‘பிள்ளைகள்’ என்றால் மகன், மகள், பேரன், பேத்தி. மருமகளும் மருமகனும் அந்தப் பட்டியலில் இல்லை. அவர்களையும் சேர்க்க 2019-ல் மக்களவையில் ஒரு மசோதா வந்தது. அது சட்டமாகவில்லை. ஆக, மணிக்கணக்குப் பார்த்துச் சொட்டு மருந்து ஊற்றச் சட்டப்படி அந்த மருமகளுக்கு எந்தக் கட்டாயமும் கிடையாது. அவள் அலாரம் வைத்து ஊற்றினாள்.

ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்ததும் மாமியார் முதலில் மருமகளின் முகத்தைத்தான் பார்த்தார். “ஏம்மா இப்படி எளைச்சுப் போயிட்ட?” என்றார். அது ஆஸ்பத்திரியில். வீட்டுக்கு வந்து உள்ளே காலை வைத்ததும் உத்தரத்தைப் பார்த்தார்.

“இவ்வளவு ஒட்டடை! நாலு மாசமா இதை ஒருத்தரும் பாக்கலையா?”

“நாங்க பாத்தோம் அத்தை. நீங்கதான் பாக்கல.”

குனியக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, புகைப் பக்கம் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாமியார் சமையல்கட்டு வாசலில் நாற்காலி போட்டுக் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்துகொண்டார். பேரன், “ஆயா போலீஸ் மாதிரி இருக்கு” என்றான். உள்ளே போக அனுமதி இல்லை. உப்பு ஜாடியைத் தொட அனுமதி இல்லை. மருமகள் அதட்டினால் கேட்டுக்கொள்ள வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த அம்மாவுக்கு மருமகள் உத்தியோகம் எப்படி இருக்கும் என்று திரும்ப ஞாபகம் வந்தது. “எங்க மாமியா இவளுக்குத் தேவலாம்” என்று தாம்பரத்துக்குப் போனில் புலம்பினார். இந்தத் தடவை சரியான எண்ணுக்குத்தான் போட்டார்.

வளைகுடா மகன் விஷயம் தெரிந்து, ‘எங்கிட்ட ஏன் முன்னாடியே சொல்லல?’ என்று இரண்டு பேரையும் வீடியோவில் சத்தம் போட்டான். மாமியாரும் மருமகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “சிக்னல் சரியில்லப்பா” என்றார் மாமியார். மருமகள் போனை வைத்துவிட்டாள்.

இதில் நடுவில் மாட்டிக்கொண்டவர் மாமனார். மருமகளுக்கு நாலு மாசமாகப் பாதி உப்புப் போட்டே கை பழகிவிட்டது. மறுபாதியைப் போட ஆள் இல்லை. இரண்டு வாரம் குழம்பு, ரசம், பொரியல் எல்லாம் ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி இருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் பேரன்தான், “தாத்தா, சாம்பார் நல்லா இருக்கா?” என்று கேட்டுவிட்டான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறவர்.

“ரெண்டு பேரும் போட்டப்ப கரிச்சுது. ஒருத்தரும் போடாம இப்ப சப்புன்னு இருக்கு. எவளாவது ஒருத்தி முடிவு பண்ணுங்க.”

பி.எட். வகுப்பு ஆரம்பித்த அன்றைக்கு, மருமகளை பஸ் ஏற்றிவிட மாமியாரும் ஸ்டாண்டுக்கு வந்தார். எவ்வளவு சொன்னாலும் வீட்டில் இருக்கவில்லை. தூரத்தில் ஒரு பஸ் வந்தது. மருமகள் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனாள். “ஏறாத, அது ஆத்தூர் பஸ்ஸு” என்று பின்னாலிருந்து ஒரு குரல். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. போர்டைப் படிக்க முடிகிற சந்தோஷத்தில் அந்த அம்மா, அடுத்து வந்த எல்லா பஸ்ஸின் பெயரையும் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். யாரும் கேட்காமலே மூன்று பேருக்கு வழியும் சொன்னார்.

மத்தியானம் குடும்பக் குரூப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. இந்தத் தடவை விரல் தவறவில்லை.

“எல்லாரும் கேட்டுக்கங்க. எம் மருமவ இன்னிக்கிக் காலேஜிக்குப் போயிருக்கா. இன்னிக்கிக் கொழம்பு நான் வச்சது. உப்பு ஒரே தடவைதான் போட்டேன். மாமா சாப்ட்டுட்டு ஒண்ணும் சொல்லல, அதனால சரியாத்தான் இருக்கும்.”

செந்துறைச் சம்பந்தி மறுபடியும் ஒரு கும்பிடு போட்டார்.